வரப்பை எடிட் செய்த ஏழு நாள்

1

ஏழு நாள் இலவசம் என்றார்கள். இன்று ஏழாம் நாள். காலையில் மடிக்கணினியைத் திறந்ததும் திரையின் நடுவே ஒரு பெட்டி வந்து நின்றது. சோதனைக் காலம் இன்றோடு முடிகிறது, தொடர விருப்பமா என்று கேட்டது. விருப்பமில்லை என்று சொல்ல அதில் பொத்தான் கிடையாது. ‘பிறகு நினைவூட்டு’ என்று ஒன்றுதான் இருக்கிறது. விற்கிறவனுக்கு எந்த நாட்டிலும் வெட்கம் இருந்து நான் பார்த்ததில்லை.

வீடியோவை வெட்டி ஒட்டும் மென்பொருளைச் சொல்கிறேன். அயர்லாந்தில் முதியோர் இல்லத்தில் பெரியவர்களைக் குளிப்பாட்டிவிடுகிறவளுக்கு அது எதற்கு என்று கேட்பீர்கள். ஊரில் இருக்கிற உங்களுக்கு எங்களைப் பற்றி இரண்டே எண்ணம்தான். ஒன்று, இங்கே வந்து காசில் புரள்கிறோம். இரண்டு, எங்களுக்கு எல்லா மென்பொருளும் தெரியும். இரண்டும் பொய். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆளைத் தூக்கி உட்கார வைக்கும் லிஃப்டை இயக்குவதுதான்.

இங்கே வேலை செய்யும் மலையாளி நர்சுகளுக்கு நான் தமிழ்க்காரி. பொங்கலுக்குத் தமிழ்ச் சங்கத்துக்குப் போனால், எங்கள் ஊர் பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளி என்றதும் “ஓ, கேரளாவா?” என்று கேட்டுவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிக்கொள்வார்கள். பன்னிரண்டு வருடமாக இதுதான் கதை. ஆக எனக்கென்று சொல்லிக்கொள்ள அங்கே இருப்பது இரண்டுதான். அப்பா விட்டுப்போன வயலில் பாதி. அதை ஒட்டிய மறுபாதியை உழுகிற அண்ணன். இந்த ஏழு நாளில் அந்த இரண்டில் ஒன்றை நானே தொலைத்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

அப்பா போன பிறகு எல்லாரும் எதிர்பார்த்தது, நான் கையெழுத்துப் போட்டு என் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுப்பேன் என்று. எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான் செய்வார்கள். நான் செய்யவில்லை. ஆதாரத்தில், அதாவது நிலப் பத்திரத்தில், என் பெயரும் ஏறட்டும் என்றேன். அண்ணன் வேலுச்சாமி ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. சர்வேக்காரரை வரவழைத்து, வயலின் கிழக்கிலும் மேற்கிலும் ஒவ்வொரு கல் நட்டு, நடுவில் நேராக வரப்புப் போட்டுக் கொடுத்தார். ஊர்தான் பேசியது. எங்கள் பக்கத்துக் கோபாலபுரத்தில் ஒரு கல்யாணத்தில், என் காதில் விழட்டும் என்றே ஒரு சித்தப்பா சொன்னார்: “பங்கு வாங்கீட்டு பிளேன் ஏறிப் போறா. ஆளில்லாத வயலுக்கு வரப்பு எத்தன நாளைக்கு அங்கயே நிக்கும்னு பாக்கலாம்.”

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

நெல் வயல் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு போகத்துக்கும் நடவுக்கு முன்னால் வரப்பின் பக்கவாட்டை மம்பட்டியால் சீவி, புல்லையும் நண்டு வளையையும் எடுத்துவிட்டு, புதுச் சேற்றை வைத்து அணைப்பார்கள். சீவுகிறவன் ஒரு விரல்கடை அதிகம் சீவி, அணைப்பதை மறுபக்கத்தில் அணைத்தால் வரப்பு நகரும். வருடத்துக்கு இரண்டு போகம். பத்து வருடத்தில் வரப்பு ஒரு நடை நடந்துவிடும். எங்கள் பக்கத்தில் பங்காளிகள் பேசாமல் போன கதைகளில் பாதி இதில் ஆரம்பித்தவைதான்.

என் பாதியை, விளைச்சலில் பங்கு தருவதாக, வாரத்துக்கு எடுத்திருந்தவர் போன வருடம் விட்டுவிட்டுப் போனதிலிருந்து அது தரிசாகக் கிடக்கிறது. அண்ணன்தான் போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புவார். அவருடைய போன் ஒரு நாள் சேற்றில் விழுந்து செத்தது. அப்புறம் பேச மட்டும் ஆகிற பட்டன் போன்தான் வாங்கினார். என் மகள் நிலா சைக்கிளில் மாட்டிக்கொண்டு மலையில் இறங்க வாங்கிய ஆக்‌ஷன் கேமரா ஒன்று சும்மா கிடந்தது. புதுசு வாங்கிவிட்டதால் பழசை வேண்டாம் என்றாள். தண்ணீரில் விழுந்தாலும் ஒன்றும் ஆகாது, நெஞ்சில் பட்டை போட்டு மாட்டிக்கொள்ளலாம். போன லீவில் அதை அண்ணனிடம் கொடுத்து, ஒரே ஒரு கட்டளையும் போட்டுவிட்டு வந்தேன். என் வயல் நடுவில் நின்று, கிழக்குக் கல்லும் மேற்குக் கல்லும் ஒரே படத்தில் வருகிற மாதிரி எடுக்க வேண்டும்.

எடுத்தார். கஞ்சிக்கோட்டில் ஒரு ஸ்டுடியோவில் கொடுத்து இணையத்தில் ஏற்றச் சொல்லி அனுப்பினார். நாற்பது நிமிடம். திறந்து பார்த்தேன். இரண்டு கல்லும் இரண்டு ஓரத்தில் இருந்தன. நடுவில் வரப்பு என் வயலுக்குள் வயிறு தள்ளிக்கொண்டு வளைந்திருந்தது.

3

பாலக்காட்டில் ஒரு வக்கீலைப் பிடித்தேன். நாற்பது நிமிடமெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள், இரண்டு நிமிடத்துக்குள் வெட்டி, போனில் அனுப்புகிற அளவுக்குச் சுருக்கி, படத்தின் மேல் எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லாமல் அனுப்புங்கள் என்றார். ரொம்பச் சின்ன வேலை என்று நினைத்தேன்.

கேமரா கம்பெனியின் செயலியைத்தான் முதலில் இறக்கினேன். அது என்னை ஒன்றும் கேட்கவில்லை. நாற்பது நிமிடத்தையும் தானே விழுங்கி, முப்பது நொடியில் ஒரு படம் செய்து துப்பியது. குத்தாட்ட இசை. அண்ணனின் கைகள் மடை திறக்கின்றன, தண்ணீர் மெதுவாகத் துள்ளுகிறது. ஒரு கொக்கு பறக்கிறது. கடைசியில் ‘அற்புதமான சாகசம்’ என்று எழுத்து வேறு. என் சொத்துத் தகராறு அதற்குச் சாகசம். வரப்பு அதில் ஒரு நொடிகூட இல்லை.

அடுத்தது முழுக்க இலவசம் என்றது. மூன்று மணி நேரம் செலவழித்து வெட்டிச் சேமித்த பிறகு பார்த்தால், படத்தின் குறுக்கே தன் பெயரைக் கொட்டை எழுத்தில் அச்சடித்து வைத்திருக்கிறது. அதை எடுக்க மாதச் சந்தா கட்ட வேண்டுமாம். இலவசச் சாப்பாடு போட்டுவிட்டுக் கை கழுவத் தண்ணீருக்குக் காசு கேட்பவனை என்னவென்று சொல்வது? மூன்றாவது உண்மையிலேயே இலவசம், சினிமாக்காரர்களே பயன்படுத்துவதாம். திறந்ததும் என் பழைய மடிக்கணினி மாவு மில் மாதிரி இரைந்து, சூடாகி, அணைந்துவிட்டது. இன்னொன்று காசில்லை என்று சொல்லிவிட்டு முதல் பக்கத்திலேயே வங்கி அட்டை எண்ணைக் கேட்டது. எண்ணைக் கொடுத்தவர்கள் விலக முடியாமல் அழும் அழுகையை இணையத்தில் பக்கம் பக்கமாகப் படித்தேன்.

என் கணவர் செந்தில் பொள்ளாச்சிக்காரர், இங்கே பஸ் ஓட்டுகிறார். சோபாவில் படுத்துக்கொண்டே கேட்டார், “ஏம்மா, போன்லயே வெட்டி அனுப்பறதுக்கு என்ன?”

“உங்க ஊட்டுச் சொத்தா இருந்தா இப்படிப் படுத்துட்டுப் பேசுவீங்களா?”

“எங்க ஊட்டுச் சொத்தா இருந்தா அண்ணன் மேல கேசுக்கே போக மாட்டேன்.”

அன்று இரவுச் சாப்பாட்டை அவரே போட்டுக்கொண்டார்.

ஐந்தாவதுதான் இந்த ஏழு நாள்காரன். ஒரே தடவை காசு கட்டினால் போதும், சந்தா இல்லை. விலை ஒரு வார மளிகை அளவு. பழைய கணினியிலும் ஓடியது. பெயரும் அச்சடிக்கவில்லை. இதையே முதலில் காட்டாமல் அந்தக் கொள்ளைக்காரர்கள் நாலு பேரையும் எனக்குக் காட்டிய தேடுபொறியை நான் மன்னிக்கப் போவதில்லை.

4

இரண்டாம் நாள், வேலையில் தேநீர் இடைவேளையில் அண்ணனைக் கூப்பிட்டேன். அங்கே பின்மதியம். அக்கம்பக்கத்தில் டிராக்டர் சத்தம் கேட்டது.

“சொல்லு அம்மிணி. வீடியோ வந்துதா?”

“வந்துதுங்ணா. வரப்பு எப்பிடி வளஞ்சு கெடக்குதுன்னு நீங்க பாத்தீங்களா?”

“எங்க வளஞ்சிருக்குது?”

“நடுவுல. என்ற பக்கமா. ரெண்டடி இருக்கும்.”

அவர் நிதானமாகச் சொன்னார்.

“அது வளையல கண்ணு. ரெண்டு கல்லுக்கும் கவுறு புடிச்சுப் போட்ட வரப்பு. சந்தேகம்னா நீயே ஒரு ஆள அனுப்பு. மறுக்கா கவுறு புடிச்சுப் பாத்துக்கலாம்.”

இந்த இடத்தில் வாயை மூடியிருந்தால் இந்தக் குறிப்பே கிடையாது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. நான் சொன்னேன்:

“கவுத்தோட ரெண்டு முனையையும் உங்க ஊட்டு ஆளுகதான புடிப்பீங்க?”

“அப்பிடிச் சொல்றியா,” என்றார்.

“என்ற கண்ணுல பாத்ததத்தான் சொல்றேன். வீடியோ பொய் சொல்லாதுங்ணா.”

“செரி அம்மிணி,” என்று போனை வைத்துவிட்டார். அந்த ‘செரி’யைக் கேட்டு, குற்றவாளி மாட்டிக்கொண்டான் என்று எனக்குள் ஒரு சந்தோஷம். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷம்தான். மூன்றாம் நாள் வளைந்த வரப்பின் நிலைப்படம் ஒன்றை வக்கீலுக்கு அனுப்பி, நோட்டீஸ் விடச் சொன்னேன். அவர் அன்றைக்கே அனுப்பினார்.

5

நான்காம் நாள் நிலா பின்னால் வந்து நின்றாள். பதினைந்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், ஆங்கிலத்தில் கேட்டால் தோளைக் குலுக்குவாள். மாமாவின் பெயரைக் கேட்டால் யோசிப்பாள். அவளுக்கு இந்த வயல் ஒரு விடுமுறைப் படம். திரையை உற்றுப் பார்த்துவிட்டு, அதிசயமாகத் தமிழில் கேட்டாள்.

“அம்மா, அந்த கரண்ட் போஸ்ட் ஏன் பெண்ட்டா இருக்கு?”

“போஸ்ட்ட யாரு பாக்கச் சொன்னா? வரப்பப் பாரு.”

“நோ, போஸ்ட் ரெண்டும் பெண்ட். மலைகூட…”

“உனக்கு அங்க என்ன தெரியும்? பத்து நாள் போய்க் கொசு கடிக்குதுன்னு அழுதவ நீ. நாளைக்கு உங்க மாமன் எங்கம்மா நகைல கைவெச்சாலும் நீ இப்பிடித்தான் போஸ்ட்டப் பாத்துட்டு நிப்ப.”

நகைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அண்ணன் எந்த நகையிலும் கை வைத்ததில்லை. வாயில் வந்தது, சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பிள்ளைகள் நம்மைவிட்டு விலகிப் போகிறார்கள் என்று இங்கே பெண்கள் கூடினால் ஒப்பாரி வைப்போம். நாங்கள் துரத்துவதை யாரும் சொல்வதில்லை.

6

ஆறாம் நாள் விடுப்பு. வளைவு எத்தனை என்று யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று, கிழக்குக் கல்லிலிருந்து மேற்குக் கல்லுக்குப் படத்தின் மேலேயே ஒரு சிவப்புக் கோடு போட்டேன். கோடு நேராகப் போனது. வரப்பு அதற்குக் கீழே, என் பக்கமாக, தொப்பை மாதிரி இறங்கி நின்றது. பார்க்கப் பார்க்க எனக்கே ரத்தம் கொதித்தது.

படம் கொஞ்சம் மங்கலாக இருந்ததால் தெளிவாக்க ஏதாவது இருக்கிறதா என்று பட்டியலைக் குடைந்தேன். அங்கே ஒரு வரி இருந்தது. ‘ஆக்‌ஷன் கேமராவா? லென்ஸ் வளைவை நேராக்கு.’ பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். நேராக்கினால் படம் பளிச்சென்று ஆகும்போல என்று நினைத்து அழுத்தினேன்.

படம் முழுவதும் ஒரு தடவை இழுபட்டு நின்றது. இரண்டு ஓரத்திலும் வளைந்து நின்ற கரண்டுக் கம்பங்கள் நிமிர்ந்தன. கிண்ணம் மாதிரித் தொங்கிய மலை நேரானது. பனைகள் பனைகளாக நின்றன. இழுபட்டதில் என் சிவப்புக் கோடு கல்லைவிட்டுக் கொஞ்சம் விலகியிருந்தது. இரண்டு முனையையும் மறுபடி இரண்டு கல்லில் வைத்தேன்.

வரப்பைக் காணவில்லை. கோட்டுக்கு அடியில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, சரியாகப் படுத்திருந்தது.

கட்டத்தை எடுத்தேன். தொப்பை வந்தது. போட்டேன். போனது. பத்துத் தடவையாவது செய்திருப்பேன். பிறகு இணையத்தில் படித்தேன். இந்தக் கேமராவின் கண் அகலக் கண். எல்லாவற்றையும் ஒரே படத்தில் அடக்க ஓரங்களைச் சுருட்டும். படத்தின் கீழ்ப்பாதியில் இருக்கிற நேர்கோடு பார்க்கிறவர் பக்கமாக வளைந்து தெரியும். அண்ணனுக்குக் கொஞ்சம் வயிறு உண்டு. நெஞ்சில் மாட்டிய கேமரா அதனால் அண்ணாந்தே பார்த்தது. வரப்பு கீழ்ப்பாதிக்குப் போய்விட்டது. இரண்டு கல்லும் ஒரே படத்தில் வர வேண்டும் என்று கட்டளை போட்டவள் நான். அவர் மறுபக்கம், தன் வயலில் நின்று எடுத்திருந்தால் அதே வரப்பு அவர் பக்கம் வளைந்து தெரிந்திருக்கும். அப்போது நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

செந்திலைக் கூப்பிட்டுக் காட்டினேன். இரண்டு தடவை பார்த்துவிட்டு, “மஞ்சக்காமாலைக்காரிக்கு மென்பொருள் வேற,” என்றார்.

உடனே அண்ணனைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கிற சாக்கில் ஒரு நாளை ஓட்டினேன். தப்பு செய்தவளுக்கு யோசிக்க மட்டும் நேரம் எப்போதும் கிடைத்துவிடும்.

7

இன்று காலை அந்தச் சோதனைக் காலப் பெட்டியை மூடிவிட்டு அவரைக் கூப்பிட்டேன். நான் வாயைத் திறக்கும் முன்னால் அவரே பேசினார். குரலில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“நோட்டீசு வந்துது அம்மிணி. போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கீட்டுக் குடுத்தான். எதிர்க்கட்சிக்காரன்னு என்ற பேரப் போட்டிருந்துது. உன்ற அண்ணி படிச்சுக் காட்டுனா.”

“அண்ணா, அதப் பத்தித்தானுங்க…”

“இரு. நேத்தே வரப்ப வெட்டியாச்சு.”

“எந்த வரப்பங்ணா?”

“நம்ம வரப்பத்தான். உன்ற பக்கம் வளஞ்சிருக்குதுன்னியே. என்ற பக்கமாத் தள்ளிப் போட்டுட்டேன். நாத்துப் புடுங்கியாச்சு, நடவுக்கு முன்னாடி செஞ்சாத்தான் ஆகும். ரெண்டு ஆளு, ஒரு பகல் பூராவும்.”

லென்ஸைப் பற்றி, அகலக் கண்ணைப் பற்றி, சிவப்புக் கோட்டைப் பற்றி மூச்சு விடாமல் சொன்னேன். வரப்பு நேராகத்தான் இருந்தது, நான்தான் தப்பாகப் பார்த்தேன் என்றேன். மன்னிச்சுக்குங்ணா என்றும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

“அது நேரா இருந்துதுன்னு எனக்குத் தெரியும் கண்ணு. நாந்தான கவுறு புடிச்சேன்.”

“அப்பறம் ஏனுங்ணா வெட்டுனீங்க?”

“கவுத்த நீ நம்புல. அதுனால கேமராவ ஒரு குச்சீல கட்டி, உன்ற வயல்ல நட்டேன். பொறத்தால இருக்கற சின்னத் திரையப் பாத்துப் பாத்து வெட்டச் சொன்னேன். கேமராவுல நேராத் தெரியற வரைக்கும் வெட்டுனோம். கவுத்துக்கு அது இப்பக் கோணல்தான். இருந்துட்டுப் போவுது. நீ அதுலதான பாக்கற.”

திருப்பிப் போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். ஆளுக்கு ஆகிற கூலியை நான் அனுப்புகிறேன் என்று சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

“வேண்டாம். பங்கு வாங்குனவளுக்குச் சீரு எதுக்குன்னு ஊரே என்னையக் கேட்டுது. அப்பவும் பொங்கலுக்குப் பொங்கல் சேலை அனுப்பீட்டுத்தான் இருந்தேன். இந்த ரெண்டடியையும் சீருன்னு வெச்சுக்க. இதோட முடிஞ்சுது. வீடியோவ ஸ்டுடியோவுல ஏத்தச் சொல்லியிருக்கறேன். நோட்டீசுல இருக்கற நம்பருக்கு, உன்ற வக்கீலுக்கும் வந்துரும்.”

போன் வைக்கப்பட்டது. ஒரு மணி நேரத்தில் வீடியோ வந்தது. அப்படியே பார்த்தால் வரப்பு நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறது. கட்டத்தை அழுத்தினால் நடுவில் அண்ணன் வயலுக்குள் வளைந்து போகிறது. அவர் நாற்று நட வேண்டிய இடத்தை அவரே எனக்கு வெட்டிக் கொடுத்திருக்கிறார். தரிசு நிலத்தோடு இன்னும் கொஞ்சம் தரிசு.

வக்கீலைக் கூப்பிட்டு, நோட்டீஸைத் திரும்பப் பெற வேண்டும் என்றேன். அவருக்கும் வீடியோ போயிருந்தது. பார்த்துவிட்டாராம். ரொம்பச் சந்தோஷமாகப் பேசினார்.

“இனி என்ன மேடம் திரும்பப் பெறுறது? எதிர்க்கட்சிக்காரர் தானே நேராக்கிக் கொடுத்துட்டாரே. நீங்க ஜெயிச்சுட்டீங்க.”

அதற்குப் பிறகு அண்ணனுக்கு நான்கு தடவை அழைத்தேன். மணி போகிறது. எடுக்கவில்லை.